ஜீப்புக்கு ஜலதோஷம்!

மழையில் நனைந்து வந்த குழந்தையை என்ன செய்வோம்? தலையைத் துவட்டி, உலர்ந்த சட்டை போட்டு, சூடாக ஏதாவது கொடுத்துப் படுக்க வைப்போம். "எழுந்திரு, ஓடு!" என்று யாராவது விரட்டுவார்களா? ஆனால் வெள்ளத்தில் முழுகி எழுந்த மோட்டார் வண்டியை மட்டும் நாம் அப்படித்தான் விரட்டுகிறோம். தண்ணீர் வடிந்ததோ இல்லையோ, சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கிறோம். அந்த ஒரு திருகலில் குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடக் கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கும் தெரிந்திருக்காது, பொத்தேரிச் சித்தியின் வீட்டுக்கு அன்று போகாமல் இருந்திருந்தால்.

சாவி எங்கே?

2023-ஆம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் புரட்டி எடுத்தது நினைவிருக்கும். ரயில் ஓடத் தொடங்கியதும் நான் பொத்தேரிக்குப் புறப்பட்டேன். ஸ்டேஷனில் இறங்கினால் ஜி. எஸ். டி. சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் எஸ். ஆர். எம். கல்லூரிக் கட்டிடங்கள். அங்கிருந்து உள்ளே தாழ்வான தெரு ஒன்றில் சித்தியின் வீடு.

வாசலில் சித்தப்பாவின் பழைய டீசல் ஜீப் சேறு பூசிக் கொண்டு நின்றது. முன் விளக்குகள் வரை தண்ணீர் ஏறிய அடையாளம், பழுப்புக் கோடாகத் தெரிந்தது. திண்ணையில் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் சித்தியிடம் நீயாவது சொல்லப்பா. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் நிலத்தில் மோட்டார் செட் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. போய்ப் பார்க்கலாமென்றால் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள்!"

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. "சாவி என் இடுப்பில் இருக்கு. மெக்கானிக் வந்து பார்த்து 'சரி' என்று சொல்கிற வரைக்கும் இங்கேதான் இருக்கும். ஒரு தடவை பட்டது போதாதா?"

ஒரு தடவை பட்ட கதை எனக்கும் தெரியும். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் இதே ஜீப் நனைந்தது. மறுநாள் சித்தப்பா ஆவலுடன் சாவியைத் திருகினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சினுக்குள் இரும்புத் தண்டு ஒன்று வளைந்து, பக்கத்துச் சுவரையும் உடைத்துவிட்டது. எஞ்சினைப் புதுப்பிப்பதற்காகச் சித்தியின் நான்கு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இரண்டுதான் திரும்பி வந்தன.

ஏரிகளின் ஜில்லா

சித்தியின் ஜாக்கிரதைக்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். செங்கற்பட்டுச் சீமைக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். பழங்காலத்து மனிதர்கள் ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலி சங்கிலியாக அமைத்து வைத்தார்கள். பொத்தேரியிலும் ஏரி உண்டு. பக்கத்துக் கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி. சற்று அப்பால் அடையாற்றுக்குத் தண்ணீர் தரும் ஆதனூர் ஏரி. வீடுகள் பெருகிக் கால்வாய்கள் குறுகிய பிறகு, நிரம்பி வழிகிற தண்ணீர் தெருவைத்தான் கால்வாயாக்கிக் கொள்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளமே முழுகிவிட்டது. வாசலில் நின்ற வண்டிகளின் கதியைச் சொல்ல வேண்டுமா?

"ஜீப்பென்றால் காடு மேடு, ஆறு குளம் எல்லாம் தாண்டுமே! அதற்கென்ன பயம்?" என்று கேட்கலாம். 1941-இல் யுத்தத்துக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப் ஆழமான தண்ணீரைக் கடந்து கரையேறியது உண்மைதான். ஆனால் அதற்கு முன் காற்றுக் குழாயை உயர்த்தி, மின்சாரப் பாகங்களுக்கெல்லாம் நீர் புகாத பூச்சு பூசித் தயார் செய்வார்கள். கரையேறிய பின் எல்லா எண்ணெயையும் சோதிப்பார்கள். ஜீப்பின் தைரியம் பாதி. மனிதரின் ஜாக்கிரதை பாதி.

இரண்டு பாலாடைத் தண்ணீர்

நாங்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே மெக்கானிக் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஸ்பானர் பை. காதில் சொருகிய பென்சில்.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா, ஐயா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"எங்கே விட்டாள்?" என்றார் சித்தப்பா.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "அப்போ பிழைச்சுக்கும்" என்றார்.

காரணத்தை அவர் விளக்கிச் சொன்னபோது எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. 2,200 சி. சி. கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 550 சி. சி. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே உள்ள காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறது. மிச்சமிருக்கும் இடம் சுமார் 35 மில்லிதான். குழந்தைக்குப் பாலாடையில் ஒன்றிரண்டு தடவை புகட்டுகிற அளவு!

காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. அந்த இடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் இருந்தால், ஏறி வரும் பிஸ்டன் பாறையில் மோதியது போல நிற்கும். கீழே இருந்து தள்ளுகிற 'கனெக்டிங் ராடு' வளையும் அல்லது முறியும். சாவியைத் திருகினால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளினாலும் இதே கதிதான். நாலு பேர் கூடி 'ஏலேலோ' என்று தள்ளி ஸ்டார்ட் செய்யும் நமது வழக்கம், நனைந்த வண்டிக்கு எமன்.

முதலில் பேட்டரியின் 'நெகட்டிவ்' இணைப்பைக் கழற்றினார். வண்டியை நியூட்ரலில் வைத்து மேட்டுக்குத் தள்ளச் சொன்னார். ஏர் ஃபில்டரைத் திறந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிறகு சிலிண்டர்களுக்கு மேலே உள்ள 'கிளோ பிளக்'குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்றாவது சிலிண்டரின் துவாரத்திலிருந்து 'புஸ்' என்று பழுப்புத் தண்ணீர் பீறிட்டது!

சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

"ஐயா, இன்னிக்கு அம்மாதான் மெக்கானிக்" என்றார் வந்தவர்.

காபி நிறத்தில் எண்ணெய்

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்ப்பதை நாம் எல்லோரும் செய்யலாம். நல்ல எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். ஓடிய டீசல் எஞ்சினில் கறுப்பாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால்? பால் விட்ட காபி மாதிரி வெளுத்துக் குழம்பி நிற்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்கிறோம். ஆனால் வேகமாகச் சுழலும் பற்சக்கரங்கள் மத்தால் கடைவது போல இரண்டையும் கடைந்துவிடுகின்றன. அந்தக் குழம்புக்கு வழவழப்புக் கிடையாது. இரும்போடு இரும்பு உராய்ந்து தேயும், துருவும் பிடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போலக் கொஞ்சம் ஒட்டியிருந்து, டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டி நன்றாகச் சூடேறாததால் உள்ளே வியர்க்கிறது. அந்த ஈரம்தான் அது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் போய்விடும். வெள்ளத்தில் நனையாத வண்டியில் டிப் ஸ்டிக்கும் வெளுத்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து கொண்டே வந்தால், அது உள்நோய்! சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட் கிழிந்து, குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

நனைந்த வண்டிக்கு வைத்தியம் சுலபம்; பொறுமைதான் வேண்டும். பழைய எண்ணெயை அடியோடு வடித்து, ஃபில்டரை மாற்றி, விலை குறைந்த புது எண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் மட்டும் ஓட விட்டு, மறுபடியும் வடிக்க வேண்டும். வெளுப்பு அடியோடு போகும் வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து, கடைசியில்தான் நல்ல எண்ணெய். பாத்திரத்தை முதல் தண்ணீரில் அலசி, இரண்டாம் தண்ணீரில் கழுவி எடுப்பதைப் போலத்தான். இதைத் தள்ளிப் போடக் கூடாது. நாள் ஆக ஆகத் துருவுக்கு விருந்து.

அடியில் ஒளிந்திருக்கும் திருடன்

எஞ்சினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். ஜீப் போன்ற வண்டிகளில் தண்ணீர் சத்தம் போடாமல் புகும் இடம் வேறு. முன்னும் பின்னும் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்குகிறதே, டிஃபரன்ஷியல். மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்கள். அதற்கும் கியர் பாக்ஸுக்கும் மூச்சு விடுவதற்கென்று 'பிரீதர்' என்ற சிறு துவாரம் உண்டு.

சூடான சாதத்தை டிபன் டப்பாவில் வைத்து மூடி, ஆறிய பிறகு திறந்து பாருங்கள். மூடி இழுத்துப் பிடித்துக் கொண்டு வர மறுக்கும். உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி வெளியே உள்ளதை இழுக்கிறது. கிரவுனிலும் அதேதான். நெடுந்தூரம் ஓடிக் கொதித்துப் போன வண்டி சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் தேய்ந்த எண்ணெய் சீல்கள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. வண்டியும் ஓடும், ஒரு அறிகுறியும் தெரியாது. சில மாதங்கள் கழித்து 'ஊய்' என்று அழத் தொடங்கும். அப்போது பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கும்.

இதற்கு நிவாரணம் மூன்று. தண்ணீரில் இறங்குமுன் சில நிமிஷம் நிறுத்தி ஆற விடுங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறையில் உயரமான இடத்துக்குக் கொண்டு போய்க் கட்டச் சொல்லுங்கள். அதிகச் செலவில்லாத வேலை. வயல் சேற்றில் ஓடும் வண்டியானால் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தண்ணீரில் இறங்கி வந்த பிறகு இந்த எண்ணெய்களையும் அவசியம் சோதிக்க வேண்டும். சித்தப்பாவின் பின் கிரவுனைத் திறந்தபோது வந்ததும் பால் காபிதான்!

விளக்கு படபடக்கிறதா?

விளக்கில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தால் திரி படபடவென்று வெடிக்கிறது அல்லவா? டீசல் எஞ்சினும் அப்படித்தான் முரண்டு பண்ணும். டீசலைவிடத் தண்ணீர் கனமானதால் டாங்கின் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து பாசி போல ஃபில்டரை அடைக்கும். நுட்பமான பம்ப்பையும் நாசில்களையும் துரு அரிக்கும்.

டீசல் வண்டிகளில் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் உண்டு. அதன் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடித்துவிடலாம். புது வண்டிகளில் இதற்கென்று எச்சரிக்கை விளக்கே இருக்கிறது. அது எரிந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் டாங்கை நிரப்பியே வைத்திருப்பது நல்லது. காலி இடத்தில் உள்ள ஈரக் காற்றுதான் இரவில் வியர்த்துத் தண்ணீராகிறது. பெட்ரோல் வண்டிக்காரர்களும் கவனிக்க வேண்டும். இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எதனால் கலக்கிறார்கள். எதனால் தண்ணீரை இழுத்துக் கொள்ளும் குணமுடையது. தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். வெள்ளம் பார்த்த டாங்கை அடியோடு காலி செய்து துடைத்த பிறகே புது எண்ணெய் போட வேண்டும்.

உயிரைக் காக்கும் பிரேக்கையும் மறந்துவிடக் கூடாது. பிரேக் திரவம் உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்ஷியஸுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது! இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொது விதி. வெள்ளத்துக்குப் பிறகு உடனே மாற்றுவது விவேகம். சக்கர பேரிங்குகளின் கிரீஸ் வெளுத்திருந்தால் அதையும் துடைத்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கடல் தண்ணீர் வேண்டாம்!

மாமல்லபுரம் பக்கம் போகும் இளைஞர்கள் சிலருக்கு அலையோரம் ஜீப் ஓட்டிப் படம் பிடிக்க ஆசை. உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும் வேகம் ஏரித் தண்ணீருக்குக் கிடையாது. மின்சார இணைப்புகளில் பச்சைப் பாசி போலப் பூத்துவிடும். தப்பித் தவறி நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்புறம் முழுவதையும் கழுவ வேண்டும். தை, மாசி மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் அந்தக் கரைக்கு வந்து மணலில் முட்டையிடுகின்றன. அதை நினைத்தாவது சக்கரத்தை மணலில் இறக்காமல் இருக்கலாம்.

முழங்காலே அளவுகோல்

பொத்தேரிக்குத் தெற்கே, செங்கற்பட்டுக்குப் போகும் வழியில் மஹிந்திராவின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2020-இல் வெளிவந்த புது 'தார்' ஜீப் அங்கே உருவானதுதான். அது கடக்கக் கூடிய ஆழம் 650 மில்லிமீட்டர். இரண்டடிக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஓர் அளவு அதன் கைப்புத்தகத்தில் இருக்கும். அது நிற்கிற தண்ணீருக்கு என்பதை மறக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே பல கார்களைத் தூக்கிவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் ஜீப் ரகங்களையும் அடித்துக் கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. ஓடும் தண்ணீரில் வண்டியையும் இறக்கக் கூடாது. ஆளும் இறங்கக் கூடாது.

நிற்கிற தண்ணீரானால், வேறு வழியில்லாதபோது, ஒருவர் கழி ஊன்றி முன்னால் நடந்து பார்க்கட்டும். முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். இறங்கினால் முதல் கியரில், ஒரே சீராக, மெதுவாகப் போங்கள். வேகமாகப் போனால் எழும்பும் அலையே காற்றுக் குழாயில் புகுந்துவிடும். நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்துங்கள்.

இன்னொரு சமாசாரம், இன்ஷூரன்ஸைப் பற்றி. முழு பாலிசி வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஈடு உண்டு. ஆனால் நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், அது வெள்ளத்தால் அல்ல, உங்கள் செய்கையால் வந்த நஷ்டம் என்று தள்ளிவிடலாம். 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பாலிசி இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்து வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் எதையும் தொடுமுன் தண்ணீர்க் கோடு தெரியும்படி படம் எடுத்துக் கொண்டு, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பாலிசியைப் பத்திரமாக வைத்திருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தானே?

கத்தரித்து வைத்துக் கொள்ள

1. மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்.
2. நனைந்த வண்டியில் சாவி போடாதீர்கள், கியரில் தள்ளாதீர்கள்.
3. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.
4. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்றே எண்ணுங்கள்.
5. எஞ்சின், கியர் பாக்ஸ், இரண்டு கிரவுன் - எல்லா எண்ணெயும் காபி நிறமா என்று பாருங்கள்.
6. டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். பிரேக் திரவத்தை மாற்றுங்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஜீப் ஒரு முறை இருமி, வெள்ளைப் புகை கக்கிவிட்டு, சீராக உறுமத் தொடங்கிற்றாம். எண்ணெய்க்கும் ஃபில்டர்களுக்கும் கூலிக்குமாகச் செலவு ஆகத்தான் ஆயிற்று. ஆனால் அடகுக் கடை வரை போக வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா திருக்கழுக்குன்றம் போய்த் திரும்பியதும், யாரும் கேட்காமலே சாவியைச் சித்தியிடம் நீட்டினாராம். "மழைக்காலம் முடிகிற வரைக்கும் உன்னிடமே இருக்கட்டும்" என்றாராம்.

சித்தி டெலிபோனில் இதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் கையில் இரண்டு வளையல்கள் இன்னும் இருக்கின்றன.

அடுத்த மழைக்கு உங்கள் வீட்டு வண்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கப் போகிறது?